காளிகாட் சந்துச் செம்பருத்தி: குளிரா, நிழலா?

கொல்கத்தாவின் காளிகாட் காளிக்குச் சாத்தும் பூக்களில் முதலிடம் செம்பருத்திக்கு, வங்காளிகளின் 'ஜபா'. சன்னல் விளிம்பில், வராந்தாவில், அறைக்குள் என்று தொட்டிகளில் வைக்கும் இந்தச் செடி மார்கழியில் பூக்காவிட்டால், பழி பெரும்பாலும் குளிர்மேல் விழுகிறது. அது பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொல்கத்தாவில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ். பகலில் 25-ஐ எட்டும். சுவர்களுக்குள் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் குறைவு. செம்பருத்தியை முடக்கிப்போடும் குளிர் இதுவல்ல. மல்லிக் காட் பூச்சந்தைக்கு ஜனவரியிலும் ஜபா வந்துகொண்டுதான் இருக்கிறது. வரத்துக் குறையும், விலை ஏறும், அவ்வளவே. ஹவுரா, மேதினிபூர் தோட்டங்களில் வெட்டவெளியில் பனி குடித்து நிற்கும் செடி பூக்கிறது; வீட்டுக்குள் கதகதப்பாக இருப்பது பூக்கவில்லை என்றால் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வெப்பம் கட்டுப்படுத்துவது வேகத்தை. 1917-இல் இதே நகரில் ஆய்வுக்கூடம் நிறுவிய ஜகதீஷ் சந்திர போஸ், கிரெஸ்கோகிராஃப் கருவியால் தாவர வளர்ச்சியின் நுண்ணிய அசைவைப் பெருக்கிக் காட்டினார். வெப்பநிலைக்கேற்ப அந்த வேகம் கூடுவதும் தணிவதும் அதில் தெரிந்தன. குளிரில் மொட்டு மெதுவாக முதிரும். ஆனால் மொட்டே வைப்பதற்கும், வைத்த மொட்டு நிலைப்பதற்கும் மாவுச்சத்து வேண்டும். அது ஒளியின் வரவு.

அந்த வரவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நண்பகல் வெட்டவெளியில் 1 லட்சம் லக்ஸ் வரை இருக்கும் ஒளி, சன்னலிலிருந்து 2 மீட்டர் உள்ளே சில நூறு லக்ஸாகச் சுருங்கிவிடும். கண்ணின் பாவை விரிந்து ஈடுகட்டிவிடுவதால் இந்தச் சரிவு நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு உறைக்கும்: கணுவிடை நீளும், இலை வெளிறும், மொட்டு மஞ்சளாகிக் காம்பின் மூட்டில் கழன்று விழும்.

இங்கே சன்னலின் திசை முக்கியமாகிறது. காளிகாட் 22.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 44 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் மறைப்பற்ற தெற்குச் சன்னலுக்குக் குளிர்காலம்தான் வெயில் காலம். ஜூனில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது. சன்னல் மேல்தளமே அதை மறைத்துவிடும். வடக்குச் சுவருக்கோ செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை நேர்வெயில் கிடையாது. ஆகவே திறந்த தெற்குச் சன்னலில் பூ குறைந்தால் குளிரைச் சந்தேகிக்கலாம். வடக்கில் குறைந்தால் முதலில் நிழலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சந்து இக்கணக்கையும் கலைத்துவிடும். 3 மீட்டர் அகலச் சந்தில், நம் சன்னலுக்கு மேல் 7 மீட்டர் உயர்ந்து நிற்கும் எதிர்வீடு 67 பாகை வரை வானத்தை மறைக்கிறது. நண்பகல் சூரியன் அந்த உயரத்தைத் தொடுவது மார்ச் 20 வாக்கில். தெற்குச் சன்னலுக்காகக் கொடுத்த வாடகை வீண்! அடுக்குமாடிகள் எழ எழ, தரைத்தளச் செடிகள் மார்கழியில் இழப்பது வெயிலை, வெதுவெதுப்பை அல்ல.

சாமந்தியின் கதை வேறு. டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தா மாடிகளை நிறைக்கும் 'சந்திரமல்லிகா' ஒளியின் அளவைவிட இரவின் நீளத்தைப் பார்த்தே மொட்டு வைக்கிறது. இரவு பகல் நீளம் பூப்பை ஆள்வதை ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். இங்கே பகல் ஜூனில் ஏறத்தாழ 13½ மணி நேரம், டிசம்பரில் 10¾. ஆனால் நள்ளிரவு வரை டியூப் லைட் எரியும் அறையில் இந்த வேறுபாடே அழிந்துபோகிறது. பூப்பைத் தள்ளிப்போட விரும்பும் சாமந்தி விவசாயிகள் நடு இரவில் 100 லக்ஸ் அளவுக்கு விளக்குப் போட்டாலே போதும். ஒளிச்சேர்க்கைக்கு அது ஒன்றுமில்லை, இரவை உடைக்க மட்டும் தாராளம்.

சாமந்தியில் வெப்பத்துக்கும் பங்குண்டு. இரவுப் புழுக்கம் நீடித்தால் இருள் போதுமானதாக இருந்தும் பூப்பு தாமதமாகும். கொல்கத்தாவின் அக்டோபர் அப்படிப்பட்டதுதான். ஆனால் மொட்டுப் பிடிக்காத தொட்டிக்குப் புழுக்கத்தைக் காரணமாக்கும் முன், சன்னல் வழியாக விழும் தெருவிளக்கைத் திரை போட்டு மறைத்துப் பார்த்துவிட வேண்டும்.