'ஸ்ட்ராங்'கா ஒரு மருந்து!

பந்து விளையாடப் போன பையன் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டு வருகிறான். வீடே அல்லோலகல்லோலம்! 'டாக்டர், நல்லா ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க' என்கிறோம் இல்லையா? இந்த 'ஸ்ட்ராங்' ஆசைக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு.

1849-ல் அமெரிக்காவில் 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப் வந்தது. ஒரு ஸ்பூன் கொடுத்தால், வீறிடும் குழந்தை கப்சிப்! உள்ளே இருந்தது மார்ஃபின். சில குழந்தைகள் கண் விழிக்கவே இல்லை.

மார்ஃபினைப் போலவே ஓபியத்தில் பிறந்தது கோடீன். 1832-ல் பிரெஞ்சுக்காரர் ரோபிகே பிரித்தெடுத்தார். 'இது சாது' என்று குழந்தைகளுக்கும் தாராளமாகத் தந்தார்கள்.

கனடாவில், ஒட்டாவா மருத்துவமனைக்கு அடிபட்டு வந்த 336 சிறுவர் சிறுமியரிடம் மூன்று மருந்துகளுக்குப் போட்டி வைத்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. நூறு புள்ளி அளவுகோலில், ஒரு மணி நேரத்தில் ஐபுப்ரோஃபென் குறைத்த வலி 24 புள்ளி. பாராசிட்டமால் 12. 'ஸ்ட்ராங்' கோடீன்? வெறும் 11!

ஏன்? கோடீனை உடம்புதான் மார்ஃபினாக மாற்ற வேண்டும். சிலருக்கு அது நடப்பதே இல்லை. சிலருக்கோ மளமளவென்று மாறி, மூச்சே நின்றுவிடும். எந்தக் குழந்தை எந்த ரகம் என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? 2017-ல் அமெரிக்க அரசு, 12 வயதுக்குள் கோடீன் கூடாது என்றது.

ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'ஸ்ட்ராங்கா இருக்குமா?' என்றல்ல. 'இவன் எடைக்கு எவ்வளவு?' என்று கேளுங்கள்!