இரும்புப் பாதையும் இணையாத ஊர்களும்

மலாக்கா நகருக்கு இரயிலில் போக விரும்புவோர் இன்று எங்கே இறங்குகின்றனர்? தம்பினை அடுத்த பூலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியே வேறு வண்டி பிடித்தே நகர் சேர்கின்றனர். உலகத்து வணிகர் கூடிய பழம்பெரும் துறைமுக நகருக்கு இரயில் இல்லை! இக்குறை எவ்வாறு நேர்ந்தது? ஆராயப் புகுந்தால், இரும்புப் பாதையின் வரலாற்றோடு நம் தோட்டத் தமிழரின் வரலாறும் பின்னிக் கிடப்பதைக் காண்போம்.

மலாயாவின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு ஓடிற்று. ஏற்றுவதற்கு ஈயம் இருந்தது. ஆகவே பாதை பிறந்தது. 1896-இல் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் ஜாசின் பக்கத்துப் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஏறத்தாழ 21 மைல் நீளமுள்ள கிளைப் பாதை திறக்கப்பட்டது. அலோர் காஜா வழியே சென்ற அப்பாதை ஜாசின், பெம்பான் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

தோட்டத்தின் அமைப்பும் இதற்கு ஒத்ததாகவே இருந்தது. லயம் உள்ளே, பள்ளியும் உள்ளே, கோயிலும் கடையும் கள்ளுக்கடையுங்கூட உள்ளே. தோட்டத்துச் சாலை துரையின் உடைமை. அச்சாலை பால் கொட்டாயையும் ஆபீசையும் இணைத்ததேயன்றி, நம்மையும் அடுத்த கம்பத்தையும் இணைக்க எழுந்ததன்று. ரப்பருக்கு வழி இருந்தது. ரப்பர் வெட்டியவனுக்கு வழி இல்லை!

பின்னர்ப் போர் வந்தது. ஜப்பானியர் மலாக்காக் கிளைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு சென்றனர். 1942-43 ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோ மீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரையும் கொண்டு சென்றனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதை போருக்குப் பின் மீண்டும் இடப்பட்டது; மலாக்காவின் பாதையோ இடப்படவே இல்லை.

விடுதலைக்குப் பின்னராவது தோட்டம் திறந்ததா? திறக்கவில்லை, உடைந்தது. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதற்கோர் அணை போடவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் பால்மரம் நின்ற நிலம் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியது. நாட்டின் பல பட்டணங்களில், லயம் இழந்த குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறின. பட்டணம் கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை.

இதே துன்பத்தைத் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலும் காண்கிறோம். அங்கு மெடெயின் நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஏழைகள் தாமே வீடு கட்டிக் குடியேறினர். சந்துகள் குறுகியவை, ஏற்றமோ செங்குத்து. 1995-இல் நகருக்குள் ஓடத் தொடங்கிய மின்சார இரயில் அவர்களுக்குக் கீழே கிடந்தது. 2004-இல் அந்நகரத்தார் அசெவெதோ நிலையத்திலிருந்து மலைமேல் உள்ள சாண்டோ டொமிங்கோ வரை வடத்தில் தொங்கும் வண்டிகளை ஓட்டினர். வண்டியும் இரயிலும் ஒரே நிலையத்தில் கூடின. நிலையங்களைச் சுற்றி நடைபாதையும் பாலமும் நூலகமும் எழுந்தன. மேலூரார் கீழே வேலைக்கு வந்தனர். கீழூரார் மேலே பார்க்க வந்தனர். வறுமை அதனால் மறைந்துவிடவில்லை. ஆயினும் ‘அது வேறு உலகம்’ என்ற எண்ணம் ஆட்டங் கண்டது.

அதே 2004-இல் மலாக்காவிலும் ‘மலாக்கா சென்ட்ரல்’ திறக்கப்பட்டது. வெளியூர், உள்ளூர்ப் பேருந்துகள் ஒரே கூரையின் கீழ்க் கூடுகின்றன. நன்று! ஆனால் நடுவிடத்தில் மாளிகை எழுப்பினால் மட்டும் போதுமா? கிளையில்லா அடிமரம் நிழல் தருமா? தோட்டத்து முகப்பிலிருந்து பெருஞ்சாலை வரை கூரையும் விளக்கும் உள்ள நடைவழி வேண்டும். தோட்டத்தாரும் கம்பத்தாரும் சீனக் கடைக்காரரும் சேர்ந்து நிற்கும் சந்தியிலேயே நிறுத்தம் வேண்டும். அங்கே ஏறியவர் நகரில் வண்டி மாறினாலும் இரண்டாம் கட்டணம் தராதிருத்தல் வேண்டும். பெம்பான் போன்ற சிற்றூர்களே இத்தகைய சந்திகளாதற்கு உரியவை.

நிலையம் அமைப்போர் வரைபடத்தை விரிக்கும் முன், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய் நடக்கும் தடத்தைப் பார்க்கட்டும். நூறாண்டாகச் சரக்கைப் பார்த்துப் பாதை போட்டோம். இனி மனிதரைப் பார்த்துப் போடுவோம்!