ஏழாயிரமாவது ஆண்டு



1492 என்றதும் நமக்குக் கொலம்பஸ்தான் நினைவுக்கு வருவார். மாஸ்கோவிலோ அது 7000. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணினார்கள். ஆண்டு பிறப்பது செப்டம்பர் 1. ஏழாயிரத்தோடு உலகம் முடியும் என்று பலர் நம்பினார்கள். உயிர்ப்புப் பெருவிழா நாள்களைக் காட்டும் அட்டவணையும் அதோடு நின்றிருந்தது.

யூதர்களுக்கு அது 5252. ஜூலை இறுதிக்குள் ஸ்பெயினைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணையிட்டவர்கள் கத்தோலிக்க அரசர்கள். இதை நாம் மறைக்கக் கூடாது. இஸ்லாமியருக்கு 897, கிரனாடாவை இழந்த ஆண்டு. அவர்களுக்கெல்லாம் உலகம் முடிந்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

மாஸ்கோவில் ஆகஸ்ட் 31 கடந்தது. மறுநாளும் விடிந்தது. திருச்சபைத் தலைவர் சோசிமா, அடுத்த 20 ஆண்டுகளுக்கான உயிர்ப்பு விழா நாள்களைக் கணக்கிட்டு எழுதினார்.