256-ம் ஒரு ஜோடி செம்புக் கம்பியும்

ஒரு பாட்டு இறங்க இருபது நிமிஷம் ஆச்சுன்னு இப்ப உள்ள பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். பட்டணத்துல இணையம் வந்த கதையை நிறைய பேர் எழுதியாச்சு. நான் கீழப்பாவூர்ல இருந்து பார்த்தா அது எப்படித் தெரியுதுன்னு எழுதுறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க மக்களே.

1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு விஎஸ்என்எல் சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து விட்டுச்சு. எல்லாம் டயல்-அப். பின்னாடி வந்த 56 கே மோடம்லயும் நடைமுறையில நொடிக்கு நாலு கிலோபைட் வந்தாலே பெரிய விஷயம். 5 எம்பி பாட்டுக்கு இருபது நிமிஷம்னு சொன்னது இந்தக் கணக்குதான். அதுவரைக்கும் வீட்டு போன் எங்கேஜ்டு, மீட்டர் வேற ஓடும்.

அதை விட வேகமா வேணும்னா என்னென்ன இருந்துச்சு?

ஐஎஸ்டிஎன்: 128 கிலோபிட், அதே பாட்டு அஞ்சே நிமிஷம். ஆனா ரெண்டு சேனல் சேர்த்தாதான் 128. ரெண்டு அழைப்புக்குக் காசு.

கேபிள்காரர் வழியா வர்ற சிஃபி: சென்னை மாதிரி ஊர்கள்ல சக்கைப்போடு போட்டுச்சு. நமக்கு விளம்பரம் மட்டும்.

ரிலையன்ஸ் சிடிஎம்ஏ போனைக் கம்ப்யூட்டர்ல சொருகுறது: 144 கிலோபிட்னு சொல்வாங்க. அது உச்ச வேகம், டவர் பக்கத்துல இருக்கணும்.

நாலாவதை நிறைய பேர் மறந்தாச்சு. கார்டெக்ட். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவோட டெநெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின வயர்லெஸ் இணைப்பு. ஒரு கோபுரம் நட்டா சுத்தி பத்து கிலோமீட்டருக்குப் போனும் இணையமும் போகும். என்-லோக் நிறுவனம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள்ல இதை வச்சு இணைய மையங்கள் நடத்துச்சு. வேகம் 35 இல்லேன்னா 70 கிலோபிட். கம்பியே வராத ஊருக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க?

2004 அக்டோபர்ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டுச்சு. எப்பவும் இணைப்பில இருக்கணும், இறங்கு வேகம் குறைஞ்சது 256 கிலோபிட் இருக்கணும், அப்பத்தான் அது பிராட்பேண்ட். கோடு போட்டாச்சு. 70-ல நின்ன கார்டெக்ட் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. கூடவே மலிவு செல்போனும் வந்து சேர, அந்த முயற்சி மெல்ல மங்கிப் போச்சு.

2005 ஜனவரியில பிஎஸ்என்எல்லோட டேட்டாஒன் வந்துச்சு. அதுல புதுசா கம்பி இழுக்கிற வேலை இல்லை. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும், அதுக்கு மேல உள்ள அலைவரிசையில அதே செம்புக் கம்பியில டேட்டா ஓடும். எக்ஸ்சேஞ்ச்ல ஒரு கருவி, வீட்ல ஒரு மோடம், ஒரு ஸ்ப்ளிட்டர். பாட்டு ரெண்டரை நிமிஷம். போனும் பேசலாம். ஆனா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து தூரம் கூடக் கூட வேகம் தேயும். அஞ்சு கிலோமீட்டர் தாண்டினா கிட்டத்தட்ட கையை விரிச்சிரும்.

அளவு தாண்டினா தனிக்காசுங்கிறதையும் சொல்லணும். 256 வேகத்துல விடாம இறக்கினா ஒரு ஜிபி தீர ஒன்பது மணி நேரம். 2007 ஜனவரி 1-ல இருந்து வேகத்தை 2 மெகாபிட் வரைக்கும் ஏத்துனாங்க. சந்தோஷம்தான், ஆனா அதே ஒரு ஜிபி இப்ப எழுபது நிமிஷத்துல காலி! ராத்திரி ரெண்டு மணியில இருந்து காலையில எட்டு வரைக்கும் இலவசம்னு ஒரு திட்டத்துல இருந்ததால, அலாரம் வச்சு எந்திரிச்ச கூட்டம் எவ்வளவு! உங்கள்ல பல பேருக்கு அந்தத் தூக்கக்கலக்கம் ஞாபகம் இருக்கும்.

என் கட்சி இதுதான். பத்திரிகைகள் அன்னைக்குப் போட்ட ஒப்பீட்டு அட்டவணையில வேகம், விலைன்னு ரெண்டு கட்டம்தான். பாவூர்சத்திரம், கீழப்பாவூர் மாதிரி ஊருக்கு மூணாவதா ஒரு கட்டம் வேணும்: "எங்க தெரு வரைக்கும் வருமா?" அதுல பாஸானது, பேசுறதுக்காக அரசாங்கக் காசுல எப்பவோ இழுத்த பழைய கம்பிதான். லாபக்கணக்கு பார்த்து யாரும் நம்ம தெருவுக்குப் புதுசா இழுத்திருக்க மாட்டாங்க.

அந்தக் கோடு 2013-ல 512 ஆச்சு, 2023-ல 2 மெகாபிட் ஆச்சு. ஏறட்டும், நல்லதுதான். ஆனா அடுத்த தடவை கோடு போடுறவங்க, அது எந்தெந்த ஊரை வெளிய தள்ளுதுன்னும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.