தோட்டத்துக் கள்ளுக்கடை

மது வடிக்கும் இடங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்று பல நாடுகளில் கிராமச் சுற்றுலாவாகிவிட்டது. சிலிம் ரிவரை உள்ளடக்கிய பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்ட வரலாற்றில் நாம் காணும் மதுவிடம் வேறு. அது தோட்ட நிருவாகமே உரிமம் பெற்று நடத்திய கள்ளுக்கடை.

தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிடில், சில மணி நேரத்தில் தானே நொதித்துக் கள்ளாகும், மறுநாள் கடும்புளிப்பேறும். ஆதலின் அதனை அன்றன்றே விற்றாக வேண்டும். கள்ளச் சாராயத்தினும் கள் தீங்கு குறைந்தது என்றது காலனியரசு. இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்றும் கூறிற்று. கூலி கொடுத்த கையே மாலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதே நம் கருத்து. லயத்தில் அடுப்பெரியாத இரவுகளை எந்த நலநிதியும் ஈடுசெய்யாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் கோரப்பட்டது. துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தலும் அதே பட்டியலில் இருந்தது. கள்ளை அவர்கள் ஒழுக்கக்கேடாக மட்டுமன்றி, அடிமைத்தளையின் ஒரு கண்ணியாகவும் கண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? படை வந்தது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின், கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. சம்பள நாள் மாலையில் லயத்தில் நிகழ்ந்தவற்றை மாணவர்கள் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிக்கொள்வார்களாக.