செருப்பு வழக்கும் குடிமையியல் பாடமும்

பொன்னுத்தம்பி பிள்ளையைப் புதுச்சேரிக்காரர்கள் அறிவார்கள். மலை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1873-ல் அந்த வக்கீல் ஐரோப்பியர் போல ஷூ அணிந்து கோர்ட்டுக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை. பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பின்னர் 1881-ம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, 'லப்போர்த்' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். 'வாசல்' என்று பொருள்.

அடுத்த ஆண்டே, 1882-ல், பிரான்சில் ஜூல் ஃபெரி சட்டம் வந்தது. ஆரம்பப் பள்ளிப் பாடங்களில் முதலிடம் ஒழுக்கத்துக்கும் குடிமைக்கும் என்றாயிற்று. அந்த வழக்கம் கடல் கடந்து நாங்கள் படித்த பிரெஞ்சு வழிப் பள்ளிக்கும் வந்தது. 1789-ன் மனித உரிமைப் பிரகடனத்தை முசே ஒப்பிக்கச் சொல்வார். மடமடவென்று ஒப்பிப்போம். ஆனால் அதே உரிமைக்காக நம் ஊர்க்காரர் நடத்திய செருப்பு வழக்கு வகுப்பில் வந்ததே இல்லை. அதை வீட்டில் தாத்தா சொல்லித்தான் கேட்டேன்.

குடிமையியல் பாடத்தின் குறையே இதுதான். எங்கோ நடந்தது புத்தகத்தில் இருக்கும். நம் தெருவில் நடப்பது இருக்காது.

இதை மாற்ற தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 1995 முதல் 2004 வரையிலான பத்தாண்டை ஐ.நா. மனித உரிமைக் கல்விக்கு ஒதுக்கியிருந்தது. அந்தக் காலத்தில், 1997-ல், மதுரையில் இயங்கும் 'மக்கள் கண்காணிப்பகம்' பள்ளிகளில் மனித உரிமை வகுப்புகளைத் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாண்டுப் பாடம். சாதி, குழந்தைத் திருமணம், ஆண் பெண் பேதம், வாத்தியார் கைப்பிரம்பு என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதையே பேசினார்கள். பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. மோனிஷா பஜாஜ் என்ற பேராசிரியை இதை ஆராய்ந்து 2012-ல் புத்தகமே எழுதினார். பிரம்பை விலக்கும் சட்டமும் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம் ஏற்காட்டுக்கு வருவோம். பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். குளூனி சகோதரிகள் 1894-ல் திரு இருதயப் பள்ளியையும், கபிரியேல் சகோதரர்கள் 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளியையும் தொடங்கினார்கள். இரண்டுமே பிரான்சில் பிறந்த சபைகள். ஆனால் மலைக் கிராமத்து மலையாளிப் பிள்ளைகள் பலர் படிப்பது அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளில். குடிமையியல் யாருக்கு மிக அவசியம் என்று கேட்டால், அவர்களுக்குத்தான் என்பேன்.

காரணம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்துக்கான உரிமைக் கோரிக்கை முதலில் கிராம சபைக்குத்தான் வரவேண்டும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவரும் பழங்குடியினருக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. அப்பா கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று மகளுக்குப் படித்துச் சொல்லத் தெரிந்தால், அந்தக் குடும்பத்தை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஆபீசில் முப்பது ஆண்டுக்கு மேல் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன்: விதி தெரிந்தவரின் மனு மேசையில் தூங்குவது குறைவு.

பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி நம்முடையது. தமிழ்நாட்டில் 'நோட்டா' பொத்தான் முதன்முதலாக வந்ததும் 2013 டிசம்பரில் இங்கே நடந்த இடைத்தேர்தலில்தான். பெருமைதான். ஆனால் ஓட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கிராம சபையோ ஆண்டுக்குப் பலமுறை.

ஆகஸ்ட் 15 அன்று காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறோம். அன்றே கிராம சபையும் கூடுகிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார வைக்கலாமே. செலவே இல்லை. பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் இந்த முறை கூட்டிப்போய்ப் பாருங்கள்.