டி.டி.பி.-43: பெயர் ஒன்று, வேலை வேறு

1995-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ரிச்சர்ட் கெய்னரின் குழு எச்.ஐ.வி.யை ஆராய்ந்துகொண்டிருந்தது. வைரஸின் 'டார்' என்ற பகுதியின் டி.என்.ஏ.வில் ஒட்டும் மனிதப் புரதம் ஒன்று கிடைத்தது. எடை 43 கிலோடால்டன். டார் டி.என்.ஏ.வில் ஒட்டுவதால் டி.டி.பி.-43 என்று பெயர் வைத்தார்கள். எச்.ஐ.வி. ஆய்வில் அதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைச்சுடுச்சு.

அடுத்து இத்தாலியின் திரியெஸ்தே. 2001-ல் இமானுவேலே புராட்டியும் பிரான்சிஸ்கோ பரால்லேயும் பார்த்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய். அதற்குக் காரணமான மரபணுவின் ஆர்.என்.ஏ.வை செல் வெட்டி ஒட்டும்போது சிலரிடம் ஒன்பதாவது துண்டு (எக்ஸான்) விட்டுப்போகிறது. யார் வேலை இதுன்னு தேடினா, அதே டி.டி.பி.-43! ஆர்.என்.ஏ.வில் யு-ஜி, யு-ஜி என்று அடுத்தடுத்து வரும் இடத்தில் அது போய் உட்காருது. ஒற்றை இழையாகக் கிடைத்தால் டி.என்.ஏ.வையும் பிடிக்கும். இதுதான் அதன் உண்மையான தொழில். நரம்பு மருத்துவர்கள் இதைக் கவனிக்க அப்போது காரணம் எதுவும் இல்லை.

2006-ல் காரணம் வந்தது. ஏ.எல்.எஸ். நோயில் தசைகளை இயக்கும் நரம்புசெல்கள் சாகின்றன. அந்த செல்களில் புரதக் கட்டிகள் இருப்பது முன்பே தெரியும். எந்தப் புரதம் என்பதுதான் தெரியாது. பிலடெல்பியாவில் மனுயேலா நாய்மன், வர்ஜீனியா லீ குழுவும், ஜப்பானில் தெத்சுவாகி அராய் குழுவும் ஒரே ஆண்டில் விடை சொன்னார்கள்: டி.டி.பி.-43. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேரிடம் இது காணப்படுகிறது.

அதன் பிறகு பலருடைய கண்ணும் கட்டிமேலதான். நியாயம்தான், நுண்ணோக்கியில் பளிச்சுன்னு தெரியறது அதுதானே. ஆனா உட்கருவில் இருக்கவேண்டிய புரதம் அங்கே காணோம் என்பதும் 2006 கட்டுரையிலேயே இருக்கு. இல்லாமப் போனதால என்ன கெட்டுச்சுன்னு கேட்டவங்க குறைவு. 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிலிப் வாங் குழு காட்டியது: இந்தப் புரதம் இல்லாவிட்டால், ஆர்.என்.ஏ.வில் நுழையவே கூடாத துண்டுகள் நுழைந்துவிடுகின்றன. எங்கே? யு-ஜி இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில். திரியெஸ்தேயில் 14 வருஷம் முன்னாடி பார்த்த அதே எழுத்துகள்!

2019-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இன்னும் நெருங்கின. அப்படி ஒரு வேண்டாத துண்டு நுழைவதால் ஸ்டாத்மின்-2 என்ற புரதம் குறைகிறது. அது இல்லாமல் அறுந்த நரம்பிழை மறுபடி சரியாக வளர்வதில்லை. அந்தத் துண்டை நுழையவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்று இப்போது ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதனைக்கு வந்திருக்கிறது.